பழைய கம்ப்யூட்டருக்குப் புது மூளை வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை. காலை 10 மணி.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா முன்பு மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு, ஒரு கம்பெனியில் காவல் வேலை பார்க்கிறார். அம்மா அடுப்பில் மீன் குழம்பு வைத்து இருக்கிறாள். மகன் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறான்.

கூடத்தின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 2018-ம் ஆண்டு வாங்கியது. பிரான்சில் இருக்கும் மாமா பாதிப் பணம் கொடுத்தார். மீதிப் பணத்தை அப்பா போட்டார். "படிப்புக்கு வேண்டும்" என்று சொல்லித்தான் வாங்கினார்கள். படிப்பும் நடந்தது. விளையாட்டும் நடந்தது.

இப்போது மகன் வந்து நிற்கிறான்.

"அப்பா, கேம் திக்கித் திக்கி ஓடுது. பிராசசரை மாத்தணும்."

"எவ்வளவு ஆகும்?"

மகன் தொகையைச் சொன்னான். அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார்.

"போன மாசம்தானேடா பரீட்சைப் பணம் கட்டினேன்?"

அம்மா சமையல் அறையில் இருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே ஓடுது? நேத்துகூட அதுலதானே படம் பார்த்தோம்!"

மகன் ஏற்கனவே கடைக்குப் போய்க் கேட்டு இருக்கிறான். கடைக்காரர் வேறு ஒரு யோசனை சொன்னாராம். "பிராசசரை மட்டும் மாத்திப் பிரயோசனம் இல்லை தம்பி. எல்லாத்தையும் புதுசா வாங்கிடு."

அம்மா சொல்வது: ஒன்றும் வேண்டாம்.

மகன் சொல்வது: மூளையை மாற்றினால் போதும்.

கடைக்காரர் சொல்வது: எல்லாவற்றையும் மாற்று.

யார் சொல்வது சரி?

இன்று பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. "விளையாட்டுச் சாமான்தானே" என்று தள்ளிவிட முடியாது. அவசரப்பட்டால் பணம் போகும். ஆராயாமல் மறுத்தால் பிள்ளையின் மனசு போகும். இரண்டும் வீட்டுக்கு நஷ்டம்தான்.

இதற்குச் சரியான வழி ஒன்று உண்டு. நோய் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். நோய் மூளையில்தான் என்றால், போர்டு இடம் கொடுத்தால், மூளையை மட்டும் மாற்றுவதே புத்திசாலித்தனம். நோய் வேறு இடத்தில் என்றால், மூளையை மாற்றுவது வீண் செலவு.

நூலும் தறியும்

பிராசசர் என்பது என்ன? ஏறக்குறைய தீப்பெட்டி அளவுள்ள ஒரு சதுரத் தகடு. கம்ப்யூட்டரின் கணக்கு எல்லாம் அதில்தான் நடக்கிறது. அதனால்தான் அதை மூளை என்கிறார்கள்.

விளையாட்டில் அதற்கு என்ன வேலை? புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. இது மில் ஊர். ஊரார் ரோடியர் மில் என்று அழைத்த ஏ.எப்.டி. மில் 1898-ல் தொடங்கியது. 2020 ஏப்ரல் 30-ந் தேதி மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு நூற்பும் தெரியும், நெசவும் தெரியும்.

நூற்புப் பகுதி நூல் கொடுக்கிறது. நெசவுப் பகுதி துணி போடுகிறது. நூல் வரத் தாமதம் ஆனால் தறி சும்மா நிற்கும். அப்போது இன்னும் 10 தறி வாங்கிப் போட்டால் துணி கூடுமா? ஒரு கஜம்கூடக் கூடாது. அதேபோல, நூல் மலையாகக் குவிந்து கிடக்கிறது, தறி போதவில்லை என்றால், மேலும் நூல் நூற்று என்ன பயன்?

கம்ப்யூட்டர் விளையாட்டும் இப்படித்தான்.

திரையில் ஒரு வினாடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் முதலில் கணக்குப் போட வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான்? பந்து எங்கே விழும்? எந்தக் கதவு திறந்தது? இதைப் பிராசசர் கணக்குப் போடுகிறது. பிறகு, "இப்படி வரை" என்று கிராபிக்ஸ் கார்டுக்கு உத்தரவு போகிறது. கார்டு படத்தை வரைகிறது.

பிராசசர் நூற்பு. கிராபிக்ஸ் கார்டு நெசவு.

ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம், ஒரு வினாடியில் 60-ல் ஒரு பங்குதான். அதற்குள் நூலும் வர வேண்டும், துணியும் ஆக வேண்டும். ஒன்று தாமதம் ஆனாலும் படம் திக்கும்.

ஆகவே, கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பது அல்ல. "நூலா, தறியா?" என்பதே.

5 நிமிடச் சோதனை

இதைக் கண்டுபிடிக்கக் கடைக்குப் போக வேண்டாம். வீட்டிலேயே பார்க்கலாம்.

விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில், ஒரு வினாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் வசதி இருக்கும். அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். படங்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வைத்து இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு படத்தின் அளவை மட்டும் குறைக்க வேண்டும். 1920-க்கு 1080 என்று இருப்பதை 1280-க்கு 720 என்று மாற்ற வேண்டும். வேறு எதையும் தொடக்கூடாது. அதே இடத்தில் நின்று மீண்டும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

எண் மளமளவென்று ஏறினால், தடை கிராபிக்ஸ் கார்டில். துணியின் அகலம் குறைந்ததும் தறி வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது பிராசசரை மாற்றிப் பயன் இல்லை.

எண் ஏறாமல் அப்படியே நின்றால், தடை பெரும்பாலும் பிராசசரில். நூல்தான் போதவில்லை.

ஒரு விளையாட்டோடு நிறுத்தக்கூடாது. பையன் ஆடும் இரண்டு மூன்று விளையாட்டிலும் பார்க்க வேண்டும். 2020-ல் வந்த வாலரண்ட், 2023-ல் வந்த கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்ற சுடும் ஆட்டங்கள் பிராசசரை அதிகம் வேலை வாங்கும். ஊரும் மலையும் கடலும் அழகாகத் தெரியும் பெரிய ஆட்டங்கள், கிராபிக்ஸ் கார்டை அதிகம் வேலை வாங்கும்.

இன்னொரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. "பிராசசர் 40 சதவிகிதம்தான் வேலை செய்கிறது" என்று திரையில் காட்டும். அதைப் பார்த்து, "மூளைக்கு இன்னும் தெம்பு இருக்கிறது" என்று நினைத்துவிடுவார்கள். பிராசசருக்குள் 4 கோர், 6 கோர் என்று பல பிரிவுகள் உண்டு. ஒரு கோர் மூச்சுத் திணற உழைக்கும். மற்றவை சும்மா இருக்கும். மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் குறைவாகத் தெரியும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் உழைக்க, ஐந்து பேர் திண்ணையில் உட்கார்ந்து இருப்பது போல!

முதலில் தூசி தட்டுங்கள்

சோதனைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்கு அதிகச் செலவு இல்லை.

புதுச்சேரி கடற்கரை ஊர். காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. கோடை வெயிலோ கேட்கவே வேண்டாம். ஏழெட்டு ஆண்டு திறக்காத பெட்டிக்குள் தூசி பஞ்சு போல அடைத்துக் கிடக்கும். விசிறி சுற்றும். காற்று போகாது. சூடு ஏறும்.

பிராசசருக்கு ஒரு குணம் உண்டு. சூடு அளவுக்கு மிஞ்சினால், எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் விளையாட்டு திக்கும். "பிராசசருக்கு வயசாகிவிட்டது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் வயசு அல்ல, தூசி!

மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தூசியைச் சுத்தம் செய்ய வேண்டும். பிராசசருக்கும் அதன் மேல் இருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பசை காய்ந்து போய் இருக்கும். அதைத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். தெர்மல் பேஸ்ட் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். சிறு குழாய் ஒன்று போதும்.

அடுத்து, ராமைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு 8 ஜி.பி. ராம் போட்ட பெட்டிகள் ஏராளம். போர்டில் இரண்டு வழி இருக்கும்போது ஒரு வழியில் மட்டும் சரக்கு போகிறது. அதே வகையில் இன்னொன்று போட்டால், பல விளையாட்டுகளில் திக்கல் குறையும்.

பிறகு ஹார்டு டிஸ்க். சைபர்பங்க் 2077 என்ற புகழ்பெற்ற ஆட்டம் 2020 டிசம்பரில் வந்தது. அப்போது சாதாரண ஹார்டு டிஸ்க்கிலேயே ஆடலாம் என்றார்கள். 2023-ல் அதே ஆட்டத்தைத் திருத்தி வெளியிட்டபோது, எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டத்தின் பெயர் மாறவில்லை. கேட்கும் சாமான் மாறிவிட்டது! ஆகவே, படம் திக்குவது ஹார்டு டிஸ்க்காலும் இருக்கலாம். அப்போது மூளையை மாற்றி என்ன லாபம்?

மானிட்டரையும் மறக்கக்கூடாது. அது ஒரு வினாடிக்கு 60 படம் காட்டும் வகை என்றால், கம்ப்யூட்டர் 150 படம் தயாரித்தாலும் கண்ணுக்குத் தெரிவது 60-தான். ஏற்கனவே 60 படம் சீராக ஓடும் வீட்டில், வேகத்துக்காக மட்டும் பிராசசரை மாற்றினால் தெரியும் வித்தியாசம் மிகக் குறைவு.

போர்டு இடம் கொடுக்குமா?

தூசி தட்டியாகிவிட்டது. சோதனையும் செய்தாகிவிட்டது. நோய் மூளையில்தான் என்று தெரிந்துவிட்டது. இனி அடுத்த கேள்வி. வீட்டில் இருக்கும் மதர்போர்டு புது மூளைக்கு இடம் கொடுக்குமா?

இங்கேதான் ஒரே காலத்தில் வாங்கிய இரண்டு பெட்டிகளின் தலையெழுத்து வேறு வேறாகப் போகிறது.

முதல் பெட்டி இன்டெல். 2017 ஜனவரியில் இன்டெல் கம்பெனி 7-ம் தலைமுறைப் பிராசசரை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 8-ம் தலைமுறை வந்தது. இரண்டுக்கும் அதே 1,151 தொடர்புப் புள்ளிகள். பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால், புதியதற்குப் புது போர்டு வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஆகவே 7-ம் தலைமுறை வாங்கியவர்கள் அந்தத் தலைமுறையைத் தாண்ட முடியாது. மாற்றினால் போர்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாவது பெட்டி ஏ.எம்.டி. 2017-ல் வந்த ரைசன் பிராசசர்களுக்கு ஏ.எம்.4 என்ற வகை போர்டு. அந்த ஒரே வகை போர்டுக்கு, ஆண்டுக்கு ஆண்டு புதுப்புது மூளைகள் வந்தன. ஆனால் முதல் போர்டுகளுக்குக் கடைசித் தலைமுறை மூளை பொருந்த அனுமதி உடனே கிடைக்கவில்லை. வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள். 2022-ல் ஏ.எம்.டி. கம்பெனி, அந்தப் பழைய போர்டுகளுக்கும் 5000 வரிசை ரைசன் பொருந்தும் என்று வழி திறந்துவிட்டது. 5 ஆண்டுக்கு முன் வாங்கிய போர்டில், அந்த ஆண்டு வெளிவந்த மூளை! கம்ப்யூட்டர் உலகில் இது அபூர்வம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2017-ல் வந்த ரைசன் 5 1600 என்ற பிராசசரில் 6 கோர். 65 வாட். 2022-ல் வந்த ரைசன் 5 5600 என்ற பிராசசரிலும் 6 கோர். அதே 65 வாட். ஆனால் ஒவ்வொரு கோரும் முன்பைவிட வேகமாக நூற்கிறது. ஒரு கோர் திணறும் விளையாட்டுகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இதிலும் கவனம் வேண்டும். போர்டு செய்த கம்பெனியின் பட்டியலில் புதுப் பிராசசரின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய மூளை உள்ளே இருக்கும்போதே பயாஸ் என்னும் அடிப்படைப் புரோகிராமைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் போர்டே படுத்துவிடலாம். கழற்றும்போது பசை ஒட்டிக்கொண்டு, கூலரோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். அதன் அடியில் உள்ள ஊசி போன்ற கால்கள் வளைந்துவிடும். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, நிறுத்திய பிறகு, பசை இளகி இருக்கும்போது கூலரை மெல்லத் திருகி எடுக்க வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது.

பழைய பிராசசரை விலைக்கு வாங்குவோரும் உண்டு. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் சட்டை வாங்குவது போல, கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் பொருள் அல்ல அது. ஓடவிட்டுக் காட்டச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

விண்டோஸ் போட்ட கோடு

விளையாடாத வீட்டுக்காரர்களும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடித்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை தவணை கொடுத்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு ஒரு கோடு போட்டு இருக்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறையும் அதற்கு மேலும். ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசையும் அதற்கு மேலும்.

பெட்டி நன்றாக ஓடும். படம் ஓடும். பாட்டு ஓடும். ஆனாலும் "உனக்கு இடம் இல்லை" என்று கதவு சாத்தப்படுகிறது. இது நியாயமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்பதில் தவறு இல்லை.

ஏ.எம்.4 போர்டு வைத்து இருப்பவர்களுக்கு இங்கே ஒரு லாபம் உண்டு. பழைய போர்டிலேயே 5000 வரிசை ரைசனைப் பொருத்தினால் விண்டோஸ் 11-ன் கோட்டுக்குள் வந்துவிடலாம். ஒரே செலவில் விளையாட்டுக்கும் வழி, பாதுகாப்புக்கும் வழி. இந்த வீடுகளில் "பிராசசரை மாற்று" என்ற பையனின் வாதம் வலுவானது. அம்மாவும் ஒப்புக்கொள்ளலாம்.

விளையாட்டு முக்கியம் அல்ல, கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் படிக்கவும்தான் என்றால், இலவச லினக்ஸ் போட்டுப் பழைய பெட்டியை இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். ஆனால் வாலரண்ட் அதில் ஓடாது. பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்!

கம்ப்யூட்டர் செய்யும் ஊர்

புதுச்சேரிக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு உண்டு. எச்.சி.எல்., விப்ரோ, ஏசர் ஆகிய கம்பெனிகள் இங்கே கம்ப்யூட்டர்களைப் பூட்டி வெளியூருக்கு அனுப்பிய காலம் உண்டு. லெனோவா கம்பெனிக்கு இங்கே தொழிற்சாலை இருக்கிறது.

பிரான்சுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1973-ல் அங்கே மைக்ரால் என்ற சிறு கம்ப்யூட்டரைச் செய்தார்கள். இன்டெல் 8008 என்ற பிராசசர்தான் அதன் மூளை. பிராசசரை மூளையாக வைத்து, முழுதாகப் பூட்டி விற்பனைக்கு வந்த முதல் சிறு கம்ப்யூட்டர்களில் ஒன்று அது. பயிர் ஆராய்ச்சிக்காகச் செய்தது. அன்று முதல் ஆண்டுக்கு ஆண்டு வேகமான மூளை வந்துகொண்டே இருக்கிறது. "எப்போது மாற்றுவது?" என்ற கேள்வியும் கூடவே வந்துகொண்டு இருக்கிறது.

2024 செப்டம்பரில் லெனோவா ஒரு அறிவிப்பு செய்தது. செயற்கை அறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர்களை, ஆண்டுக்கு 50,000 வீதம், புதுச்சேரித் தொழிற்சாலையில் செய்யப் போவதாகச் சொன்னது. ஊருக்குப் பெருமைதான்.

ஆனால் உலகம் எங்கும் இப்படிப்பட்ட பெரிய கம்ப்யூட்டர்களுக்கு ராம் வாங்கிக் குவிக்கிறார்கள். அதனால் 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியது. மைக்ரான் கம்பெனி, குருஷியல் என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு விற்றுவந்த ராம் வியாபாரத்தை நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய முதலாளி நூலை மொத்தமாக வாங்கிவிட்டால், கைத்தறிக்காரனுக்கு நூல் விலை ஏறும் அல்லவா? அந்தக் கதைதான்.

இது முத்தியால்பேட்டை வீட்டையும் தொடுகிறது. ஏ.எம்.டி.யின் புதிய ஏ.எம்.5 போர்டுக்கு டி.டி.ஆர்.5 என்ற புது வகை ராம் வேண்டும். கையில் இருக்கும் டி.டி.ஆர்.4 ராம் அதில் பொருந்தாது. "எல்லாத்தையும் மாத்து" என்பதன் உண்மையான விலை இதுதான். மூளையை மட்டும் மாற்றினால் கையில் இருக்கும் ராமும் தப்பும். இன்டெல் பெட்டிக்காரர்களுக்கும் ஒரு வழி உண்டு. 12-ம் தலைமுறை இன்டெல் பிராசசர்களுக்கு டி.டி.ஆர்.4 ராம் பொருந்தும் போர்டுகளும் வந்தன. அப்படிப்பட்ட போர்டாகப் பார்த்து வாங்கினால் பழைய ராமைக் காப்பாற்றலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஆகவே கணக்குப் போடும் முறையைத் தெரிந்துகொள்வதே நல்லது.

ஒரு பேச்சுக்கு, பிராசசர் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பெட்டி இன்னும் 3 ஆண்டு ஓடும் என்றால், ஆண்டுக்கு 4,000 ரூபாய். புதுப்பெட்டி 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 7 ஆண்டு ஓடும் என்றால், ஆண்டுக்கு 10,000 ரூபாய். இங்கே மூளையை மாற்றுவது லாபம்.

அதே பிராசசர் ஒரே ஆண்டுக்குத்தான் பயன்படும் என்றால்? ஆண்டுக்கு 12,000 ஆகிவிடும். அப்போது பொறுத்து இருந்து, பணம் சேர்த்து, புதிதாக வாங்குவதே லாபம்.

கடைக்காரர் சொன்னது சில வீடுகளுக்குச் சரிதான். போர்டு இடம் கொடுக்கவில்லை, கிராபிக்ஸ் கார்டும் பழசு, ராமும் போதாது, எஸ்.எம்.பி.எஸ். கருகிய வாடை அடிக்கிறது - இப்படி நான்கும் சேர்ந்துவிட்டால், அந்தப் பெட்டிக்கு மேலும் பணம் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல ஆகும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்து இருக்க வேண்டும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அது வீட்டுக் கணக்கில் தெரியாது. 2022-ம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்சாதனக் குப்பை சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்ததாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்கழிவு விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் விதியைவிட நல்ல வழி, ஓடுகிற பெட்டியை ஓட விடுவதே!

விளையாட்டுக்கு இவ்வளவு செலவா?

அப்பா மனதில் இருக்கும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

பையன்கள் இதற்குக் கோபப்படக் கூடாது. வீட்டில் முதலில் அரிசி, பிறகு படிப்பு, பிறகு மருந்து. விளையாட்டு அதற்குப் பின்னால்தான். ஆகவே, பையன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக் காட்ட வேண்டும். தடை எங்கே? போர்டு இடம் கொடுக்குமா? எத்தனை ஆண்டு ஓடும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் பணம் கேட்பது தவறு.

அப்பாக்களும் ஒன்றை நினைக்க வேண்டும். பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் பிள்ளை வீணாகப் போகவில்லை. மில்லில் இயந்திரத்தைத் தொட்டுத் தொட்டுத்தானே தொழில் கற்றார்கள்? பதில்களோடு வரும் பையனைத் திட்டி அனுப்புவதும் தவறு.

முத்தியால்பேட்டை வீட்டுக்குத் திரும்புவோம்.

சாப்பாடு முடிந்தது. அப்பா பையனைக் கூப்பிட்டார். நூலும் தறியும் கதையைக் கேட்டதும் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவர் டார்ச் விளக்கைப் பிடிக்க, பையன் தூசி தட்டினான். உள்ளே இருந்து ஒரு கை நிறையத் தூசி வந்தது. அம்மா, "என்னைச் சொல்லி இருந்தால் நானே துடைத்து இருப்பேனே" என்றாள்.

கம்ப்யூட்டரைப் போட்டார்கள். விளையாட்டு முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் திக்கல் முழுதாகப் போகவில்லை. படத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். எண் ஏறவில்லை.

"நூல்தான் போதலைடா" என்றார் அப்பா.

போர்டின் பெயரைப் படித்தார்கள். ஏ.எம்.4 போர்டுதான். பட்டியலில் 5000 வரிசை இருந்தது.

முடிவு என்ன? பிராசசரை மட்டும் மாற்றுவது. பரீட்சை முடிந்த பிறகு. பாதிப் பணம் அப்பா. பாதிப் பணம், விடுமுறையில் வேலை பார்த்து மகன். பழைய பிராசசரை விற்று வரும் பணம் அம்மாவின் சீட்டுக்கு!

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவும் சம்மதித்தார். மகனும் சம்மதித்தான்.

எல்லா வீட்டிலும் முடிவு இப்படியே இருக்காது. சில வீட்டில் தூசியோடு தீரும். சில வீட்டில் புதுப்பெட்டி வாங்கத்தான் வேண்டி இருக்கும். ஆனால் எந்த வீடானாலும் வரிசை ஒன்றுதான்.

முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். பணப்பையைப் பிறகு திறக்கலாம்.